சோளக்கதிர் ஈயம்

வெர்னா பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது டெல்பர்ட் கம்பை ஊன்றியபடி பட்டறையிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றான். முழங்காலுக்குப் புது மூட்டு வைத்து வீடு திரும்பிய பிறகு அவன் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். முகம் வியர்த்திருந்தது.

"என் சட்டியைப் பாத்தியா?"

"உனக்கு ஏது சட்டி? வெந்நி வைக்கக்கூடத் தெரியாது."

"இரும்புச் சட்டி. சோளக்கதிர் மாதிரி குழி குழியா இருக்கும். பட்டறையில மேல் தட்டுல வச்சிருந்தேன். பிடியில செவப்பு பெயின்ட் அடிச்சிருக்கும்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைத்தான் கேக்குறியா? பொறந்த நாளைக்கு எனக்கு வாங்கி ஒளிச்சு வச்சுட்டு நீ மறந்து தொலைச்சுட்டியோன்னுல்ல நெனச்சேன். மனுசன் திருந்திட்டானேன்னு ஒரு வாரம் சந்தோஷமாக்கூட இருந்தேன்."

டெல்பர்ட் சிரிக்கவில்லை. "அதை என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவாங்க? நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, வீட்டுல இருந்த இரும்பையெல்லாம் சுத்தம் பண்ணினேன். அதோட அதையும் சேத்து துரு எடுத்து, அந்தக் கண்றாவி பெயின்டையும் எடுத்து, எண்ணெய் பூசிப் பழக்கினேன். ஏற்கெனவே எங்கம்மாவோடது அதே மாதிரி ஒண்ணு இருக்கு. ரெண்டு எதுக்குன்னு சர்ச்சுல நடந்த பழைய சாமான் விற்பனைக்குக் குடுத்துட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்து, வலிக்கிற காலை நீட்டியபடி மெல்ல உட்கார்ந்தான்.

"அது சோள ரொட்டி சுடுற சட்டி இல்ல, வெர்னா. நான் அதுலதான் ஈயம் ஊத்துறேன்."

அவள் கையிலிருந்த பீன்ஸ் பாத்திரத்துக்குள் விழுந்தது.

டெல்பர்ட் ஈயம் சேர்ப்பவன். கென்டக்கியின் கிழக்கு மலைகளில் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. ஆனால் தன் துப்பாக்கிக்கு வேண்டிய குண்டைத் தானே வார்த்துக்கொள்கிறவர்கள் தனி ரகம். டயர் கடைக்காரன் கழற்றி எறியும் சக்கர எடைகள், இடித்த வீட்டின் பழைய குழாய்கள், மூடிப்போன மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைச் சுவரில் உரித்த தகடு என்று எங்கே ஈயம் கிடைத்தாலும் கொண்டுவந்து விடுவார்கள். அதை உருக்கி, அழுக்கை வழித்தெடுத்து, கைக்கு அடக்கமான கட்டிகளாக ஊற்றி அடுக்கி வைப்பார்கள். குண்டு வார்ப்பதெல்லாம் பிறகு, தேவைப்படும்போதுதான். கட்டி கையிருப்பில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சில வருடங்களுக்கு முன் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போனது. அதுவரை டெல்பர்ட்டைக் கேலி செய்தவர்களெல்லாம் அப்போது ஒவ்வொருவராக அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்கு அடியில் இருந்த நிலவறையில் ஒரு சுவர் வெர்னாவுடையது. பீன்ஸ், தக்காளி, பீச் பழம் என்று கண்ணாடி ஜாடிகள் அங்கே வரிசையாக நிற்கும். எதிர்ச் சுவர் ஈயத்துடையது. முன்பு அவனும் பலகைத் தட்டில்தான் அடுக்கினான். ஒரு மத்தியானம் பலகை முறிந்து, கட்டிகள் உருண்டு வந்து, வெர்னாவின் பீச் ஜாடிகளில் ஒரு வரிசையை முடித்து வைத்தன. அன்றிலிருந்து ஈயம் தரையில், மூடி போட்ட பழைய தோட்டாப் பெட்டிகளில். மெது ஈயம் ஒரு பக்கம், கெட்டி ஈயம் இன்னொரு பக்கம். ஒவ்வொரு கட்டியிலும் எது என்று எழுத்து அடித்திருப்பான். மாவு வகைகளைப் பற்றி வெர்னா பேசுவதுபோல அவன் ஈய வகைகளைப் பற்றிப் பேசுவான். அவள் காது கொடுத்ததில்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்ததும் இல்லை.

அவன் கட்டி ஊற்றுவது கேக் தட்டில் என்றுதான் அவளுக்குத் தெரியும். நெளிந்து, கறுத்து, நாய்க்குச் சோறு வைக்கக்கூட மனம் வராத தட்டு. அது போன இலையுதிர் காலத்தில் அடி ஓட்டையாகிப் போனதும், அவன் பழைய சாமான் சந்தையில் இந்தக் கதிர்ச் சட்டியை வாங்கினான் என்பது அவளுக்குத் தெரியாது. ஏழு குழி, ஏழு சோளக்கதிர். ஈயம் கதிர் கதிராக வந்து விழுவது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. இந்த ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: ஈயம் பட்ட பாத்திரத்தின் பிடியில் சிவப்பு அடித்துவிட வேண்டும், அது ஒருபோதும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. டெல்பர்ட் அதை மறக்காமல் செய்திருந்தான். அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பது மட்டும் அந்த வழக்கத்தில் இல்லை.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் வெர்னா.

"செவப்பு அடிச்சிருந்தேனே."

"எனக்கென்ன தெரியும்? சின்னப் பையன் கிறுக்கி வச்ச மாதிரி இருந்துச்சு."

"சரி, இப்ப அது யாருகிட்ட இருக்கு?"

விற்பனையைப் பார்த்துக்கொண்ட மாவிஸுக்கு வெர்னா போன் செய்தாள். மாவிஸுக்கு யார் எதை வாங்கினார்கள், யார் எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்கள் என்பது வரை நினைவிருக்கும். "கதிர்ச் சட்டியா? நம்ம ஷேனாதான். ஒம்பொண்ணு மாதிரி சுத்திக்கிட்டு இருக்குமே, அந்தப் பொண்ணு. ஜூட்டுக்குக் கதிர் ரொட்டின்னா உசுராம், உன் வீட்டுல தின்னு பழகிடுச்சாம். ஏன், திரும்ப வேணுமா? குடுத்ததைத் திரும்பக் கேட்டா சர்ச்சுல பேசுவாங்க, பாத்துக்க."

வெர்னா போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

ஷேனாவின் மகன் ஜூட்டுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அப்பன் குழாய் பதிக்கும் வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவன். ஷேனாவுக்குப் புதன்கிழமைகளில் கடையில் முழு நாள் வேலை. காலையில் அவள் காரை நிறுத்தக்கூட மாட்டாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளையை வெர்னாவிடம் இறக்கிவிட்டுப் போவாள். அது "வெர்ரி, வெர்ரி" என்று கத்திக்கொண்டு ஓடி வரும். வெர்னாவின் இரண்டு மகன்களும் ஒஹாயோவில். ஞாயிற்றுக்கிழமை போனில் வானிலை விசாரிப்பார்கள். ஒரு வருடமாக அவளுடைய வாரம் புதன்கிழமையில் தொடங்கிப் புதன்கிழமையில் முடிந்துகொண்டிருந்தது.

"ஈயம் சின்னப் புள்ளைங்களை என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

டெல்பர்ட்டுக்குப் பதில் தெரியும். அவன் கையுறை போடாமல் ஈயம் தொடமாட்டான். உருக்குவதும் ஊற்றுவதும் வெளியே திறந்த இடத்தில்தான். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் வரமாட்டான். "புத்தியைப் பாதிக்கும்னு சொல்வாங்க," என்றான். பிறகு அவசரமாக, "ஒரு தடவை ரெண்டு தடவைன்னா ஒண்ணும் ஆகாது," என்றான்.

"விற்பனை முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, டெல்பர்ட்."

அவன் எழுந்தான். "இரு. கீழ போய் ஒண்ணு எடுத்துட்டு வரேன். சும்மா போய் நின்னா எப்படி? சட்டின்னா எல்லாச் சட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட இன்னொண்ணு இருந்தா?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டா படி எறங்கப் போற?"

"ஒனக்கு எதுன்னு தெரியாது."

படியில் ஒவ்வொன்றாக இறங்கி ஏற அவனுக்கு வெகுநேரம் ஆனது. மேலே வந்தபோது பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ஈயக்கட்டி இருந்தது. சாம்பல் நிறத்தில், மணி மணியாக, உரித்த சோளக்கதிர் போலவே. பைக்கு வெளியிலிருந்து விரலால் காட்டினான். கதிரின் முனையில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு.

"சட்டியில ஒரு குழி மூக்குல சின்னதா உடைஞ்சிருக்கு. அதுல ஊத்துற ஈயம் அந்தப் பள்ளத்துலயும் போய் நிக்கும். ஏழு கட்டியில ஒண்ணுக்கு மட்டும் மரு இருக்கும். இதை வச்சுப் பாத்தா எது என் சட்டின்னு சத்தியமாச் சொல்லிடலாம்."

பிக்கப் வண்டியை வெர்னா ஓட்டினாள். ஓடையை ஒட்டிய சாலையில் முந்தின நாள் மழைக்குச் சரிந்த மண்ணை இன்னும் அள்ளவில்லை. வண்டி பாதி சாலையில் மெதுவாகப் போயிற்று. டெல்பர்ட் பையை மடியில் வைத்திருந்தான்.

"உன் பெயின்டை யாரு எடுக்கச் சொன்னா?" என்றான் சற்று நேரம் கழித்து.

"உன் சட்டியை யாரு எனக்கு எட்டுற எடத்துல வைக்கச் சொன்னா?"

"மேல் தட்டுலதானே வச்சேன்."

"அந்த வீட்டுல எனக்கு எட்டாத எடம் ஒண்ணு காட்டு."

அவன் மடியிலிருந்த பையின் வாயை மறுபடி முடிந்தான்.

வண்டியில் இழுத்து வந்து நிறுத்திய ஷேனாவின் டிரெய்லர் வீடு மலைச்சரிவில், இரண்டு வால்நட் மரங்களுக்கு நடுவே இருந்தது. உருளைக்கிழங்கு வறுபடும் வாசனை வெளியே வரை வந்தது. கதவைத் திறந்தவள் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஜூட்டின் ஒற்றைச் செருப்புமாக நின்றாள்.

"மிஸ் வெர்னா! இன்னிக்கு என்ன கிழமைன்னே எனக்குக் கொழம்பிடுச்சு. உள்ள வாங்க. மிஸ்டர் டெல்பர்ட், நீங்க இந்தக் காலோட எதுக்கு அலையறீங்க?"

"வெர்ரி!" என்று ஜூட் வெர்னாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

வெர்னா குனிந்து அவன் தலைமுடிக்குள் விரல்களை விட்டாள். நேரே விஷயத்துக்கு வந்தாள். அப்படிச் சொல்லாவிட்டால் பிறகு சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். "கண்ணு, சர்ச்சுல நீ வாங்கின கதிர்ச் சட்டி இருக்கே, அதைக் கொஞ்சம் குடு. அது தப்பா விற்பனைக்கு வந்துடுச்சு. அது இவர் ஈயம் ஊத்துற சட்டியா இருக்கலாம்."

ஷேனா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஈயம்னா?"

"துப்பாக்கி குண்டுக்கு."

"நான் அதுல வாரம் ரெண்டு தடவை ரொட்டி சுடுறேனே." அவள் குரல் உயரவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். "இவனுக்குத்தான் சுடுறேன்."

"முதல்ல அதுதானான்னு பாத்துருவோம்மா," என்றான் டெல்பர்ட். "இங்க வேணாம். வண்டிக்குக் கொண்டுபோறேன்."

சட்டியை வெர்னா வாங்கிக்கொண்டு வந்து பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்தாள். நன்றாகப் பழக்கிய சட்டி, எண்ணெய் மினுக்கோடு கறுகறுவென்றிருந்தது. தன் வேலைதான். அந்த நேரத்திலும் அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. டெல்பர்ட் கையுறையை மாட்டி, கட்டியைப் பையிலிருந்து எடுத்து, ஓரத்துக் குழியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலாக வைத்துப் பார்த்தான். முதலாவதில் முனை உட்காரவில்லை, மரு இடித்து நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. ஏழாவது குழி வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தான். எதிலும் உட்காரவில்லை. பிறகு குழிகளின் மூக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். எல்லாம் வழவழவென்று முழுசாக இருந்தன.

"இது இல்ல," என்றான். அவன் தோள்கள் தளர்ந்தன. "வெர்னா, இது என் சட்டியே இல்ல. கடவுளே. பயந்தே போயிட்டேன்." வீட்டுப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி ஆட்டினான். ஜன்னலில் நின்ற ஷேனா நெஞ்சில் கை வைத்துக்கொள்வது தெரிந்தது.

வெர்னா அசையவில்லை.

"இது எங்கம்மாவோடது," என்றாள்.

"என்ன?"

"நம்ம வீட்டுல இருந்தது ரெண்டு சட்டி. உன்னோடது ஒண்ணு, எங்கம்மாவோடது ஒண்ணு. நான் ஒண்ணைத்தான் குடுத்தேன். குடுத்தது இது. அப்ப வீட்டுல மாட்டியிருக்கிறது எது?"

டெல்பர்ட் கட்டியைப் பைக்குள் போட்டான்.

அவளுக்கு எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. பழைய கறுப்பைக் கரைக்கும் நுரை மருந்து தெளித்துக் குப்பைப் பையில் கட்டி வைத்த சட்டிகள் இரண்டும், கழுவி எடுத்தபோது ஒரே வெளிர் சாம்பலாக, பிறந்த மேனியாக வந்தன. பழக்குவதற்கு ஒரே தட்டத்தில் அடுப்புக்குள் வைத்தபோது தன்னுடையதை இடது பக்கம்தான் வைத்தாள். இடது என்று வாயால் சொல்லிக்கொண்டுகூட வைத்தாள். பாதியில், சூடு இரு பக்கமும் சமமாகப் பட வேண்டும் என்று தட்டத்தை இடம் வலமாகத் திருப்பி வைத்தாள். ரொட்டி சுடும்போதும், கேக் சுடும்போதும் திருப்புவதுபோல. அது அவள் கை செய்த வேலை. தலைக்கு அது தெரியவே இல்லை. அடுப்பு ஆறியதும் இடது பக்கத்தில் இருந்ததை ஆணியில் மாட்டினாள், வலது பக்கத்தில் இருந்ததைத் துணியில் சுற்றி சர்ச்சுக்குக் கொடுத்தாள்.

இந்த மூன்று மாதமாகச் சுட்ட ரொட்டியில் ஒரு கதிரின் மூக்கு மட்டும் சட்டியோடு ஒட்டிக்கொண்டு உடைந்து வந்துகொண்டிருந்தது. மாவில் ஊற்றும் மோர் சரியில்லை என்று கடையை மாற்றியிருந்தாள்.

"புதன்கிழமை தவறாம சுட்டேன்," என்றாள். "தேன் தொட்டு ரெண்டு தின்பான். போகும்போது கையில ஒண்ணு."

டெல்பர்ட் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். ஷேனா அங்கே இல்லை. மறுபடி உருளைக்கிழங்குக்குப் போயிருப்பாள். "வெர்னா, இப்ப எதுவும் சொல்லாத. முதல்ல வீட்டுக்குப் போவோம். அந்தச் சட்டியில வச்சுப் பாப்போம். ஒருவேளை..."

"ஒருவேளை என்ன? மூணாவது சட்டி வானத்துலேருந்து விழுந்திருக்குமா?"

"நாளைக்குச் சொல்லலாங்கிறேன். இப்பத்தான் அந்தப் பொண்ணு மூச்சு விட்டிருக்கு."

வெர்னா பின்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு என்றால் ஒரு ராத்திரி. ஒரு ராத்திரி யோசித்தால், வரும் புதன்கிழமை வரை பொறுத்து, கடையில் வாங்கின ரொட்டியைக் கொடுத்து, சட்டியை உடைத்துப் புதைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். இப்போதே தோன்றிவிட்டது. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. சொன்னால் புதன்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

அவள் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

ஷேனா மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். "நல்ல சட்டிதானே? வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இந்தச் சட்டி நல்லதுதான், கண்ணு. வச்சுக்க. கெட்ட சட்டி என் வீட்டுல இருக்கு. நான் மாத்திக் குடுத்துட்டேன். மூணு மாசமா அதுலதான் இவனுக்குச் சுட்டுப் போட்டேன்."

ஷேனாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஜூட் மேஜைக்கடியில் புகுந்து ஒரு பொம்மை லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"புதன்கிழமையிலயா?"

"ஆமா."

"எல்லாப் புதன்கிழமையும்?"

"ஒண்ணு விடாம."

"நான் என் வீட்டுல சுட்டப்ப ஒண்ணுமில்ல. உங்க வீட்டுல தின்னதுலதான்." அவள் ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரமில்லை. "பத்திரமா இருக்கட்டும்னுதான் உங்ககிட்ட விட்டேன், மிஸ் வெர்னா."

வெர்னா தலையாட்டினாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஷேனா எழுந்து போனைத் தேடினாள். "யாருக்குப் போன் பண்ணணும்? சுகாதார ஆபீஸுக்கா? ரத்தம் எடுத்துப் பாப்பாங்களா?"

"எடுப்பாங்கம்மா," என்றான் டெல்பர்ட் வாசலில் இருந்து. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "விரல்ல குத்திப் பாப்பாங்க."

"உங்க ஈயம் எங்க இருக்கு?"

"கீழ. நிலவறையில."

"இவன் மத்தியானம் தூங்குற ரூமுக்குக் கீழேயா?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பெட்டியெல்லாம் மூடித்தாம்மா இருக்கு. ஆனா, ஆமா. அதுக்குக் கீழதான்."

ஷேனா அவனைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தாள். வெர்னாவும் டெல்பர்ட்டும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தியது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் ஆணியிலிருந்து சட்டியை இறக்கிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது குழியில் கட்டி தன் சொந்தச் செருப்பில் கால் நுழைவதுபோல உட்கார்ந்துகொண்டது. டெல்பர்ட் சம்மட்டியை எடுத்து ஓங்கினான். வார்ப்பிரும்பு இரண்டே அடியில் துண்டு துண்டானது. அந்தத் துண்டுகளையும் பைக்குள் அள்ளினான்.

விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், எண் சற்று அதிகமாகத்தான் இருக்கிறது, நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றாளாம். நரம்பிலிருந்து எடுத்த எண் அதைவிடக் குறைவாக இருந்தாலும், இருக்கக் கூடிய அளவுக்கு மேலேதான் இருந்ததாம். மருந்து தேவைப்படாது, இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் தானே இறங்கும், கீரை, முட்டை, பால் கொடுங்கள், சில மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றாளாம். இதையெல்லாம் வெர்னா மாவிஸ் மூலமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஷேனா போன் செய்யவில்லை. மாவிஸ் விற்பனைப் பொருட்களைப் பற்றிச் சொல்வதுபோலவே சாதாரணமாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் மட்டும் சற்றுத் தயங்கி, "யாரும் உன்னைத் தப்பா பேசலை," என்றாள். அதிலிருந்து பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

வெர்னாவும் டெல்பர்ட்டும்கூட ரத்தம் கொடுத்தார்கள். வெர்னாவுக்கு ஜூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். டெல்பர்ட்டின் எண்ணைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத்தனை கையுறை போட்டுமா?" என்றான் டெல்பர்ட் வண்டியில்.

"உன்னையே உருக்கினா ஒரு மான் வேட்டை சீசனுக்குக் குண்டு வார்க்கப் போதும் போல," என்றாள் வெர்னா. பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் கிண்டல் அது. அவன் சிரிப்பதா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

அந்த வாரமே அவன் முன்பு தன்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டான். அவர்கள் தோட்டாப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, பட்டறையைத் தாண்டி, பூட்டுள்ள இரும்புக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். "ஒரு வீட்டுக்கடியில இவ்வளவா வச்சிருந்தே? வீடு எப்படிடா மூழ்காம இருந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். டெல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்தப் பெட்டி மெது, எந்தப் பெட்டி கெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெட்டிகள் போன பிறகு வெர்னா நிலவறைத் தரையை ஈரத்துணியால் துடைத்தாள். துணியைக் கழுவாமல் குப்பையில் போட்டாள். மறுநாள் மறுபடி துடைத்தாள்.

முதல் புதன்கிழமை யாரும் வரவில்லை. காலையில் ஓடைச் சாலையில் ஒரு கார் சத்தம் கேட்டது. அது போய்விட்டது. பிள்ளையைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனாள் ஷேனா என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது புதன்கிழமை ஷேனாவின் அத்தை வந்து பார்த்துக்கொண்டாளாம். வெர்னா அந்த நாட்களில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் அடித்தது.

"மிஸ் வெர்னா," என்றாள் ஷேனா. பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் ஜூட் ஏதோ கத்துவதும் கேட்டன. குளித்துக்கொண்டிருக்கிறான். "எங்க அத்தைக்கு நாளைக்கு முடியாதாம்."

"அப்படியா கண்ணு."

ஷேனா குழாயை மூடினாள், தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"உங்க வீட்டுக்கு இப்ப அனுப்ப மாட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல."

"நீங்க இங்க வந்து பாத்துக்க முடியுமா? சாப்பாடெல்லாம் நானே செஞ்சு வச்சுட்டுப் போறேன். நீங்க எதுவும் கொண்டுவரக் கூடாது. ஜாம் கூட. வெறுங்கையோட வரணும்."

அந்த மலையில் யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. இழவு வீட்டுக்குக்கூட ஒரு பாத்திரம் கையில் இருக்கும். வெர்னா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வரேன்," என்றாள்.

"ஏழு மணிக்கு முன்னாடி."

"வந்துடுறேன்."

"வந்ததும் கை கழுவிட்டுத்தான் அவனைத் தூக்கணும். நர்ஸ் சொல்லியிருக்கு."

"கழுவிடுறேன், கண்ணு."

மறுநாள் காலை டெல்பர்ட் காபிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, வெர்னா துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் மேஜையைச் சுற்றி ஒரு முறை கண்ணை ஓட்டினாள். எடுப்பதற்கு எதுவும் இல்லை. வண்டிச் சாவியைக்கூட அவன்தான் எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.